ரெண்டு பேர் ஓட்டிய வேன்

முதலில் கை வைத்தது அக்காவின் புருஷன்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். மூன்றாம் மாடி ஜன்னலில் ஈரப் போர்வையை உதறிக்கொண்டிருந்தவள் கண்ணாலேயே பார்த்தாள். கீழே, கட்டடத்தின் பின்பக்கம், வேன் நிற்கிற இடத்தில் அவளுடைய தம்பி பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தான். புருஷன் வேனைச் சுற்றி வந்தான். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தான். கையால் தடவிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்தான், தம்பி கையிலிருந்த வீல் ஸ்பேனரைப் பிடுங்கினான், அதாலேயே அவன் தோளில் ஓங்கிப் போட்டான்.

சத்தம் மேலே வரவில்லை. தம்பி உட்கார்ந்த வாக்கில் அப்படியே சாய்ந்தான். புருஷன் மறுபடியும் ஓங்கினான்.

அக்கா என்றே இவளைக் கூப்பிடுவோம். தம்பி அப்படித்தான் கூப்பிட்டான். பிற்பாடு பார்சல் கிடங்கில் அத்தனை டிரைவர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். புருஷனுக்கு மொட்டை என்று பெயர். இருபத்தைந்து வயதிலேயே தலை பளபளவென்று ஆகிவிட்டதால் கூட்டாளிகள் வைத்தது. தம்பி, சுள்ளான். ஒல்லி, வேகம், ஓரிடத்தில் நிற்க மாட்டான். மாமனும் மச்சினனும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். அக்காவே பொறாமைப்படும் அளவுக்கு ஒட்டுறவாக இருந்தவர்கள்.

வேன் வந்துதான் எல்லாம் கெட்டது என்று சொன்னால் வேன் பாவம். அது சொன்னபடி ஓடியது.

மொட்டை வேலை பார்த்த கம்பெனியை மூடினார்கள். கையில் கொஞ்சம் பணம் கொடுத்து அனுப்பினார்கள். சுள்ளான் அப்போது பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். "மாமா, பார்சல் கம்பெனில வேன் கேக்கிறாங்க. நம்ம வண்டி, நம்ம நேரம், நாமதான் முதலாளி. ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு குடுத்துடறாங்க. நீங்க பகல்ல ஓட்டுங்க, நான் சாயங்காலம் ஓட்டுறேன். வண்டி சும்மாவே நிக்காது" என்றான். மொட்டை தன் பணத்தைப் போட்டான். சுள்ளான் கல்யாணத்துக்கென்று சேர்த்ததைப் போட்டான். மீதிக்கு லோன்.

முதல் சில மாதம் வீட்டில் ஒரே சிரிப்பு. "என்ன முதலாளி, டீசல் போட்டாச்சா?" என்பான் ஒருவன். "போட்டாச்சு முதலாளி, நீங்க கிளம்புங்க" என்பான் மற்றவன். வாரா வாரம் மொட்டையின் கணக்கில் பணம் விழும்போது போன் டிங்கென்று அடிக்கும். அந்தத் தொகையைப் பார்த்தால் யாருக்கும் தலை கிறுகிறுக்கும். மகள் குட்டிக்குப் புது ஷூ வாங்கினார்கள். அவளுக்குப் பன்னிரண்டு வயது, கால் வளர்ந்துகொண்டே போனது.

பிறகு டயர் தேய்ந்தது. பிரேக் கட்டை போனது. கிளட்ச் போனது. இன்சூரன்ஸ் கட்டும் நாள் வந்தது. வீட்டில் ஆளில்லாமல் திருப்பிக் கொண்டுவந்த பார்சலுக்குக் காசு கிடையாது என்று கம்பெனி சொன்னது. போய்வந்த டீசல் அவர்கள் பாடு. பார்சலுக்குக் கொடுக்கிற விலையையும் ரெண்டு தடவை குறைத்தார்கள், ஆளுக்கொரு மெசேஜ், அவ்வளவுதான். ரெண்டு பேரும் இன்னும் அதிகமாக ஓட்டினார்கள். வேனின் சீட் ஆறுவதே இல்லை; ஒருவன் எழுந்த சூட்டில் இன்னொருவன் உட்கார்ந்தான். நாக்கு தள்ள ஓட்டியும் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை.

ரெண்டு ஆம்பிளைகள் முதுகு ஒடிய உழைக்கிறார்கள், பணம் வருகிறது, ஆனால் மிஞ்சவில்லை. அப்படியென்றால் என்ன அர்த்தம்? யாரோ எடுக்கிறார்கள் என்று அர்த்தம். இருவருக்கும் இப்படித்தான் மூளை ஓடியது.

மச்சினன் டீசலை உறிஞ்சி விற்கிறான் என்று மொட்டை நினைத்தான். பணம் மாமன் கணக்கில்தானே விழுகிறது, பாதியை மறைத்துவிட்டு மீதியைப் பங்கு போடுகிறார் என்று சுள்ளான் நினைத்தான். வாய் திறந்து ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே ஒரு சண்டையோடு போயிருக்கும். மொட்டை வீட்டில் தட்டை உடைத்தான். குளியலறைக் கதவை உதைத்துக் கீலைப் பெயர்த்தான். சுள்ளான் ரோட்டில் குறுக்கே வந்த கார்க்காரனை இறக்கி மூக்கில் குத்திவிட்டு வந்தான். முதலாளி என்று கூப்பிடுவது மட்டும் நிற்கவில்லை, ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்தாலே அக்கா கைவேலையைப் போட்டுவிட்டு வந்து இருவருக்கும் நடுவில் நின்றுகொள்வாள்.

அந்த வாரம் அவளுடைய சிவப்பு நகப்பாலிஷ் காணாமல் போயிருந்தது. குட்டியைத் திட்டினாள். எடுத்தது மொட்டை. புதிதாகப் போட்ட ரெண்டு முன்டயர்களின் உள்பக்கத்தில் சின்னதாய்ப் பொட்டு வைத்திருந்தான், மச்சினன் நல்ல டயரைக் கழற்றி விற்றுவிட்டுப் பழசை மாட்டுகிறானா என்று பிடிக்க. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழே போய்ப் பார்க்கிறான், முன்டயரில் பொட்டு இல்லை.

அக்கா ஈரப் போர்வையைக் கையில் பிடித்தபடியே மூன்று மாடியும் இறங்கி ஓடினாள். காலில் செருப்பு இல்லை. அவள் போய்ச் சேர்வதற்குள் சுள்ளான் எழுந்துவிட்டிருந்தான். இடது கை தொங்கியது, தோள்பட்டை இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. வலது கையில் ஜாக்கி ராடு.

"வித்துட்டல்ல? எவ்வளவுக்குடா வித்த?" மொட்டையின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"நீ திங்கிற காசுக்கு நான் பதில் சொல்லணுமா?"

அதுவரை மாமனை நீ என்று அவன் சொன்னதே இல்லை. சொன்ன வேகத்தில் ராடைத் தாழ்வாக வீசினான். அது மொட்டையின் முழங்காலில் பட்டபோது வந்த சத்தத்தை அக்கா பிறகு பல நாள் கேட்டாள், பாத்திரம் கழுவும்போது, கதவு சாத்தும்போது. மொட்டை அலறிக்கொண்டு விழுந்தான். விழுந்தவன் சும்மா கிடக்கவில்லை. படுத்தபடியே மச்சினன் காலை வாரினான். ரெண்டு பேரும் புரண்டார்கள். மொட்டை அவன் அடிபட்ட கையின் மேல் ஏறி உட்கார்ந்து முகத்தில் குத்தினான், ஒன்று, இன்னொன்று. சுள்ளான் அவன் கட்டை விரலைக் கடித்தான், விடவே இல்லை.

"விடுங்க! செத்துடுவான்! விடுங்கங்க!"

இழுத்துப் பார்த்தாள், அசையவில்லை. கையில் இருந்த போர்வையைப் புருஷன் தலையில் போட்டு முறுக்கினாள். மூச்சு முட்டியதும் அவன் கண் தெரியாமல், தரையில் கைக்குத் தட்டுப்பட்ட ஸ்பேனரை எடுத்துப் பின்னால் வீசினான். அது அவள் தாடையில் இறங்கியது. வாய்க்குள் ஏதோ சின்னக் கல் மாதிரி உருண்டது. துப்பினாள். பல்.

சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். ஒருவன் போனை உயர்த்திப் பிடித்திருந்தான். கட்டடத்து வாட்ச்மேன்தான் ஒரு வாளித் தண்ணீரை அவர்கள் மேல் ஊற்றினார், அதற்குப் பிறகும் அடங்காததால் வாளியையே மொட்டையின் முதுகில் போட்டார். அதோடு நின்றது.

தண்ணீரும் ரத்தமும் சேர்ந்து வேனுக்கடியில் ஓடின. அக்கா தம்பியின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அவன் உதடு பிளந்திருந்தது.

"அக்கா... முன்னாடி டயர் சீக்கிரம் தேயுதுக்கா. அதான் பின்னாடி மாத்திப் போட்டேன். பின்னாடி இருந்தத முன்னாடி போட்டேன். இன்னும் ரெண்டு மாசம் ஓடும்னு..."

அவள் குனிந்து பார்த்தாள். பின்டயரின் உள்பக்கத்தில், சேற்றுக்கு நடுவில், அவளுடைய நகப்பாலிஷ் சிவப்பாய் இருந்தது. மொட்டைக்கும் அது தெரிந்தது, படுத்திருந்த இடத்திலிருந்தே. முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் இடமில்லாததால் இருவரையும் ஒரே வார்டில் போட்டார்கள், நடுவில் ஒரு கட்டில் விட்டு. நடுக்கட்டிலில் இருந்த கிழவர் பாவம், ரெண்டு பக்கமும் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கிக்கொண்டார். போலீஸ்காரர் வந்தார்.

"என்ன நடந்துச்சு?"

"ஜாக்கி நழுவிடுச்சு சார்" என்றான் மொட்டை.

"உனக்கு?"

"எனக்கும் அதே ஜாக்கிதான் சார்" என்றான் சுள்ளான்.

போலீஸ்காரர் அக்காவின் வீங்கிய தாடையைப் பார்த்தார். "உங்களுக்கும் ஜாக்கிதானா?"

கேஸ் என்று போனால் வண்டியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் நிறுத்திவிடுவார்கள். அது ரெண்டு பேருக்கும் தெரியும். ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் விழிக்கமாட்டேன் என்று கிடந்தவர்கள் அந்த வேனுக்காக மட்டும் ஒரே வாயாகப் பேசினார்கள். அக்காவுக்கு அப்போதுதான் முதல்முறையாக ரெண்டு பேரையும் சேர்த்து வைத்து அறைய வேண்டும் என்று தோன்றியது. தலையை மட்டும் ஆட்டினாள். போலீஸ்காரர் போய்விட்டார்.

மொட்டையின் முழங்காலில் தகடு வைத்தார்கள். சுள்ளானுக்குத் தோளில் ஆபரேஷன் செய்து மணிக்கட்டு வரை கட்டுப் போட்டார்கள். எலும்பு சரியாகப் பொருந்தவில்லை, மறுபடி ஒரு ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். டிஸ்சார்ஜ் ஆனதும் அவன் கூட்டாளி ஒருவனின் அறைக்குப் போய்விட்டான். வீட்டுப் பக்கம் வரவில்லை.

வேன் நின்றுவிட்டது. லோன் நிற்கவில்லை. கம்பெனியிலிருந்து மெசேஜ் வந்தது, இந்த வாரத்துக்குள் வண்டி வராவிட்டால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று.

அக்கா சட்டைக் கம்பெனியில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன் ஸ்கூல் வேன் ஓட்டியவள், லைசென்ஸ் இருந்தது. வேலையை விட்டாள். கிடங்கின் வாசலில் காதில் மைக் மாட்டிக்கொண்டு நின்ற சூப்பர்வைசர் பையன் அவளை மேலும் கீழும் பார்த்தான். "வண்டி வந்தா போதும். யார் ஓட்டினா எனக்கென்ன?" என்றான்.

லோனுக்காக மட்டும் அவள் ஸ்டியரிங் பிடிக்கவில்லை. உள்ளுக்குள் இன்னொரு எண்ணம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டயர் விஷயத்தில் தம்பி சுத்தம், சரி. ஆனால் பணம் எங்கே போனது? ரெண்டு பேரில் ஒருவன் எடுக்காமலா போனது? இனிமேல் ஓட்டுவது அவள், பணம் எடுப்பது அவள், வைப்பது அவள். அவளிடம் மிச்சம் நிற்கும். நின்றுவிட்டால், தன் புருஷன் திருடனா தம்பி திருடனா என்பது ஒரு வழியாகத் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது என்பதை அவள் யோசிக்கவில்லை.

சமையலறைப் பரணில் ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. மொட்டையின் ஏ.டி.எம். கார்டை வாங்கிக்கொண்டு, கணக்கில் விழுவதை வாரா வாரம் எடுத்து அதற்குள் போட்டாள்.

வேலை அவளை வேறு ஆளாக்கியது. முதல் வாரம் எல்லாக் கதவையும் பவ்யமாகத் தட்டினாள். ரெண்டாம் வாரம் காலால் தட்டினாள். ஆளில்லை என்றால் காசில்லை அல்லவா? உள்ளே டி.வி. சத்தம் கேட்கும், கதவு திறக்க மாட்டார்கள். அவள் கதவில் ரெண்டு கையாலும் இடித்துக் கெட்ட வார்த்தையில் கத்துவாள். ஒரு கடைக்காரன் பெட்டி நசுங்கியிருக்கிறது என்று அவள் முகத்தில் விட்டெறிந்தான். மூலை கன்னத்தைக் கீறியது. அதே பெட்டியைத் திருப்பி அவன் கல்லாப்பெட்டியின் மேல் வீசினாள்; கண்ணாடி உடைந்தது. அதற்கு அபராதம் அவளுடைய பணத்திலிருந்தே பிடித்துக்கொண்டார்கள்.

கிடங்கில் காலை வேளையில் வண்டிகள் வரிசையில் நிற்கும். முதலில் ஏற்றுகிறவனுக்கு நாலு பார்சல் கூடக் கிடைக்கும். ஒருநாள் வயதான டிரைவர் ஒருவர், பெரியவர் என்றே பேர், அவள் வண்டிக்கு முன்னால் நுழைத்துவிட்டார். இறங்கிப்போய் அவர் சட்டையைப் பிடித்தாள்.

"என்ன அவசரம் உனக்கு? என் முறை இது."

"ரெண்டே பார்சல்தாம்மா. பேத்திக்கு ஸ்கூல் விடற நேரத்துக்குள்ள..."

தள்ளினாள். ஒன்றும் பெரிதாகத் தள்ளவில்லை என்றுதான் அவள் நினைத்தாள். பெரியவர் தடுமாறிப் பக்கவாட்டில் விழுந்து, பார்சல் ஏற்றும் மேடையின் இரும்பு விளிம்பில் நெற்றியை மோதிக்கொண்டார். ரத்தம் புருவத்தில் இறங்கிக் கண்ணை மூடியது. ஒருவன் துணி கொடுத்தான். மற்றவர்கள் அந்த நேரத்தில் தங்கள் வண்டியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திக்கொண்டார்கள். அக்காவும் நகர்த்திக்கொண்டாள்.

அன்று மாலை வண்டியில் உட்கார்ந்து ஸ்டியரிங்கை ரெண்டு கையாலும் குத்தினாள். இன்னும் யாரையாவது அடிக்க வேண்டும் போலிருந்தது.

மாதம் முடிந்தது. இன்னொரு அரை மாதமும் போனது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குட்டியின் ஸ்கூல் பீஸ் கட்டுவதற்காக அக்கா டப்பாவை இறக்கினாள். லேசாக இருந்தது. திறந்தாள். சில்லறை கிடந்தது, ஒரேயொரு கசங்கிய நோட்டு. கவிழ்த்துத் தட்டினாள். பரணைத் தடவினாள். பக்கத்து டப்பாக்களையெல்லாம் இறக்கித் திறந்து பார்த்தாள். உப்பு, சர்க்கரை, மிளகாய்த்தூள்.

ரத்தம் அப்படியே தலைக்கு ஏறியது. புருஷனால் ஊன்றுகோல் இல்லாமல் எழுந்து நிற்கக்கூட முடியாது, பரணுக்கு எப்படி எட்டுவான்? தம்பி வீட்டுக்கே வருவதில்லை. வேறு யார்?

குட்டி கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"டப்பால இருந்த காசு எங்கடி?"

"எந்த டப்பா?"

"நடிக்காத. எவ்வளவு எடுத்த? யாருக்குக் குடுத்த?"

"நான் எடுக்கலம்மா."

அக்காவின் கையில் குழம்புக்கரண்டி இருந்தது. எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. முதல் அடி தோளில் விழுந்தது. குட்டி எழுந்து ஓடப் பார்த்தாள். சடையைப் பிடித்து இழுத்தாள். அடுத்தது முதுகில். அடுத்தது குழந்தை திரும்பிய நேரத்தில் வாயில். "சொல்லு! சொல்லுடி! நான் ரோட்டுல நாய் படாத பாடு படறேன், நீ உள்ள உக்காந்து திருடறியா?"

"நான் எடுக்கலம்மா! சத்தியமா எடுக்கலம்மா!"

கட்டிலில் இருந்த மொட்டை கத்தினான், "விடுடி அவள!" எழ முடியாமல் கட்டிலோரத்துப் பாட்டிலை எடுத்து எறிந்தான். அது சுவரில் பட்டுச் சிதறியது. அந்தச் சத்தத்தில்தான் அக்காவின் கை நின்றது.

குட்டியின் மேலுதடு கிழிந்து தொங்கியது. அவள் அழவில்லை. ரெண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, அடுத்த அடிக்காகக் கண்ணை இறுக்கி மூடிக் காத்திருந்தாள்.

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது போல, ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். அந்த டப்பாவிலிருந்து எடுத்தது யார்? அவள்தான். திங்கட்கிழமை டீசலுக்கு எடுத்தாள். வியாழக்கிழமை மறுபடி டீசலுக்கு எடுத்தாள். லோனுக்கு எடுத்தாள். பஞ்சருக்கு, உடைந்த கண்ணாடிக்கு, நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு, போன் ரீசார்ஜுக்கு, பிரேக் ஆயிலுக்கு. ஒவ்வொரு தடவையும் பரணில் கை விட்டு எடுத்தது அவளுடைய கைதான். வேறொரு கை அதற்குள் போகவே இல்லை. நாளெல்லாம் ஓட்டியதற்கு மிச்சம் அந்தச் சில்லறைதான், அதுவும் அவள் கூலி என்று ஒரு காசு எடுத்துக்கொள்ளாமல். ரெண்டு வருஷமாகப் புருஷனும் தம்பியும் தேடிய திருடன் யாருமே இல்லை. வேனே ஒருவருக்கும் மிச்சம் வைக்காத வண்டி. அதைக் கண்டுபிடிக்க இந்தக் குழந்தையின் வாய் கிழிய வேண்டியிருந்தது.

உதட்டில் தையல் போட்டுக்கொண்டு வந்தார்கள். டாக்டரிடம் குட்டியே சொன்னாள், படியில் விழுந்துவிட்டேன் என்று. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

மறுநாள் அக்கா தம்பியைப் போனில் கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றவன், அவள் குரலைக் கேட்டுவிட்டு வந்தான். கட்டிலில் மொட்டை. வாசலோரம் முக்காலியில் சுள்ளான், கட்டுப்போட்ட கையோடு. நடுவில் அவள் நின்றாள். நடந்ததைச் சொன்னாள். டீசல் இவ்வளவு, லோன் இவ்வளவு, அபராதம் இவ்வளவு என்று விரல் மடக்கிச் சொன்னாள்.

"யாரும் எடுக்கலங்க. நீங்களும் எடுக்கல, இவனும் எடுக்கல. மிஞ்சவே இல்ல. எத்தன பேர் ஓட்டினாலும் மிஞ்சாது. ரெண்டு வண்டி வச்சா ரெண்டு மடங்கு மிஞ்சாது. வண்டிய வித்துடுவோம்."

மொட்டை மெதுவாகச் சிரித்தான். "பொம்பள ஓட்டினா அப்படித்தான் இருக்கும். நான் ஒரு நாளைக்கு எத்தன பார்சல் போட்டேன் தெரியுமா?"

"அத்தன போட்டு என்னங்க மிச்சம் வச்சீங்க?"

சிரிப்பு நின்றது. "ஓகோ. அக்காவும் தம்பியும் பேசி வச்சுட்டு வந்திருக்கீங்க. வண்டிய வித்துப் பங்கு போட்டுக்கலாம்னு."

"மாமா, வாய அடக்குங்க."

"நீ யார்ரா எனக்குச் சொல்ல?"

மொட்டையின் ஊன்றுகோல் பறந்து வந்தது. யாருக்கு வைத்த குறியோ, அக்காவின் நெற்றியில் பட்டது. சுள்ளான் ஒரே தாவலில் கட்டிலுக்குப் போய் நல்ல கையால் மாமனின் தொண்டையைப் பிடித்தான். கட்டில் கால் முறிந்து ரெண்டு பேரும் தரையில் விழுந்தார்கள். மொட்டையின் முகம் சிவந்து கறுத்தது. அவன் கை தடவித் தடவி உடைந்த கட்டில் காலைப் பிடித்தது. அக்கா தம்பியைக் கட்டுப்போட்ட கையோடு சேர்த்து இழுத்தாள். அவன் அலறிய அலறலில் மேல்வீட்டில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"போதும்! அங்க பாருங்க! அவள பாருங்க!"

சமையலறை வாசலில் குட்டி நின்றாள். தையல் போட்ட உதடு மூக்களவுக்கு வீங்கியிருந்தது.

"நேத்து அவள அடிச்சது நான். பாத்துட்டுத்தான இருந்தீங்க? ஏன் அடிச்சேன்? உங்க ரெண்டு பேர் மாதிரியே நானும் திருடனத் தேடினேன். வீட்டுல மிச்சம் இருந்தது அவ ஒருத்திதான்."

மொட்டை மகளைப் பார்த்தான். தொண்டையில் மச்சினனின் விரல் பதிந்த தடம் இருந்தது. குரல் கரகரத்தது.

"நீ எடுத்தியாம்மா?"

கேட்டுவிட்டான். கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே காதில் விழுந்தது.

"இல்லப்பா" என்றாள் குட்டி.

மொட்டை கையில் இருந்த கட்டில் காலைக் கீழே வைத்தான். முகத்தை முழங்கையால் மூடிக்கொண்டு தரையிலேயே படுத்துவிட்டான். அவன் தோள் குலுங்கியது. சுள்ளான் சுவரில் சாய்ந்து தன் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மாமனைத் தொடவும் இல்லை, எழுந்து போகவும் இல்லை.

வேனை விற்றார்கள். வாங்க வந்தவர்கள் அண்ணனும் தம்பியும். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, சீட்டில் மாறி மாறி உட்கார்ந்து பார்த்து, ஒருவன் தோளை ஒருவன் தட்டிக்கொண்டார்கள். அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, தப்பா நினைக்காதீங்க. இதுல ஒண்ணும் நிக்காது. ரெண்டு பேரா சேந்து ஓட்டாதீங்க."

மூத்தவன் சிரித்தான். "நாங்க ரொம்ப ஒத்துமையான குடும்பம்க்கா. நீங்க கவலப்படாதீங்க." வண்டியைக் கொடுக்க மனசில்லாமல் பேசுகிறாள் என்று நினைத்திருப்பான். சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

விற்ற பணத்தில் லோன் அடைந்தது. சுள்ளானின் ரெண்டாவது ஆபரேஷனுக்குப் போனது போக எதுவும் கைக்கு வரவில்லை. கை கூடியது, ஆனால் தலைக்கு மேல் தூக்க வராது. ஒரு பெட்ரோல் பங்கில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறான். அக்கா மறுபடி சட்டைக் கம்பெனிக்கே போகிறாள்; அவளைப் பார்க்க வேண்டுமென்றால் வேலை விடும் நேரத்துக்கு அதன் வாசலுக்கு வருவான். வீட்டுக்கு வர மாட்டான். மொட்டை ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான், மாதச் சம்பளம். சுள்ளானைப் பற்றி அவன் கேட்பதில்லை. ஆனால் அவள் லேட்டாக வரும் நாளில், "அவன் கை எப்படி இருக்காம்?" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்பான்.

கிடங்குக்கும் ஒருநாள் போனாள், பெரியவரிடம் மன்னிப்புக் கேட்க. அவர் இப்போது வருவதில்லை என்றார்கள். எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

குட்டியின் உதட்டில் தழும்பு மெல்லிய கோடாக நின்றுவிட்டது. சிரித்தால் தெரியாது. மற்றபடி அவள் எப்போதும் போலத்தான் இருக்கிறாள், படிக்கிறாள், பேசுகிறாள், அம்மாவோடு ஒரே பாயில் படுக்கிறாள். சாப்பிடும்போது மட்டும், எதிரே இருக்கும் தண்ணீர்ச் சொம்பை எடுக்க அக்கா கையை நீட்டினால், அவள் தலை தன்னால் ஒரு பக்கம் ஒதுங்கும். ஒதுங்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் சோற்றைப் பிசைவாள். அக்கா சொம்பை எடுக்காமலே கையை மடக்கிக்கொள்வாள். தொண்டையில் சோறு அடைக்க, தண்ணீர் இல்லாமலே விழுங்குவாள்.